ஐஸ்பழமும் எனக்குள் இருக்கும் பிள்ளையும்

"சின்னப்பிள்ளைத்தனம்" என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ஏசுவதற்குத்தான் எடுக்கிறோம். வகுப்பில் ஒருத்தி காரணமில்லாமல் சிரித்தாலும், மழையில் நனைந்தாலும், சின்ன விடயத்துக்கு அழுதாலும், "இன்னும் சின்னப்பிள்ளையா?" என்ற கேள்வி வந்துவிடும். சிறு பராயம் என்பது பழைய சப்பாத்தைப் போன்றது, கால் வளர்ந்ததும் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உளவியல் அப்படிச் சொல்வதில்லை. வளர்ந்த ஒவ்வொருவருக்குள்ளும் அவருடைய பழைய பிள்ளை இருந்துகொண்டே இருக்கிறது என்கிறது. அதையே "உள்ளிருக்கும் குழந்தை" என்று அழைக்கிறார்கள். இந்தக் கருத்தை நான் ஓர் ஐஸ்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கப் போகிறேன். ஏனெனில், வாசித்தபோது பாதியாக விளங்கிய இந்த விடயம் ஐஸ்பழம் குடித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

முதலில் கருத்தைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற உளவியலாளர் கார்ல் யுங், தமது முப்பதுகளின் இறுதியில் சிக்மண்ட் பிராய்டுடனான உறவு முறிந்த பின்னர் பெரும் மனக்குழப்பத்துக்கு ஆளானார். அப்போது, பத்துப் பதினொரு வயதில் கல் அடுக்கி வீடு கட்டி விளையாடிய தமது நாட்கள் அவருடைய நினைவுக்கு வந்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா? பகலுணவின் பின் ஏரிக்கரைக்குப் போய்க் கல் பொறுக்கி, சின்ன வீடுகளாகக் கட்டத் தொடங்கினார். நோயாளர்கள் வரும்வரை அதுதான் வேலை. இவ்வளவு படித்த நான் இப்படி விளையாடுவதா என்று ஆரம்பத்தில் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த விளையாட்டின் வழியேதான் தம்முடைய மனதை மீண்டும் கண்டுகொண்டதாக அவர் தமது நினைவுக் குறிப்புகளில் கூறியிருக்கிறார்.

அவருக்குப் பின்வந்த எரிக் பேர்ன் என்ற மனநல மருத்துவர் இதை இன்னும் எளிமையாக்கினார். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் மூன்று நிலைகள் உள்ளன என்பது அவருடைய விளக்கம். ஒன்று பெற்றோர், மற்றொன்று வளர்ந்தவர், மூன்றாவது குழந்தை. நாம் உயர்தரப் பிரத்தியேக வகுப்பால் களைத்து வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் ஐஸ்பழக் காக்காவின் மணி கேட்கிறது. "அதைக் குடிக்காதே, தொண்டை பழுதாகும்" என்று உள்ளே ஒரு குரல் சொன்னால் அது பெற்றோர். "எனக்கு வேணும், சிவப்பு!" என்று இன்னொரு குரல் குதித்தால் அது குழந்தை. "நாளைக்குச் சோதனை இல்லை, தடிமனும் இல்லை, ஒன்று குடிக்கலாம்" என்று மூன்றாவது குரல் தீர்ப்புச் சொன்னால் அது வளர்ந்தவர். இந்த மூன்றில் எதையும் துரத்திவிட முடியாது. குழந்தையின் வாயை எப்போதும் பொத்தினால் மனிதர் வரண்டு போவார். குழந்தையே எப்போதும் தீர்ப்புச் சொன்னால் வாழ்க்கை குழம்பும்.

ஏன் ஐஸ்பழத்தைத் தெரிவுசெய்தேன்? அதன் பிறப்பிலேயே ஒரு பிள்ளை இருக்கிறது. 1905 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிராங்க் எப்பர்சன் என்ற பதினொரு வயதுச் சிறுவன், சோடாத் தூளும் தண்ணீரும் கலந்த குவளையைக் கலக்கிய குச்சியோடு இரவில் வெளியே விட்டுவிட்டான். குளிரில் அது குச்சியைச் சுற்றி உறைந்துபோயிற்று என்பது அதன் கதை. அவர் பெரியவரான பின்னர் 1924 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பிள்ளையின் விளையாட்டைப் பெரியவரான அதே மனிதர் மறக்காமல் வைத்திருந்ததால்தான் இன்று உலகமெங்கும் குச்சி ஐஸ் இருக்கிறது.

ஐஸ்பழத்தை உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் முதலில் வந்துவிடும். கடைசியில் வெள்ளைக் கட்டி மட்டும் மிஞ்சும். சின்ன வயதில் "காக்கா ஏமாத்திட்டார்" என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். காக்காவில் குற்றமில்லை. தண்ணீர் உறையும்போது தூய நீர்தான் முதலில் பளிங்குகளாகும். சீனியையும் சாயத்தையும் அது தனக்குள் சேர்ப்பதில்லை. அவை பளிங்குகளின் இடைவெளிகளில் பாணியாகத் தேங்கி நிற்கும். நாம் உறிஞ்சும்போது அந்தப் பாணி வெளியேறுகிறது. அதேபோல, உருகிய ஐஸ்பழத்தைக் குடித்துப் பார்த்தால் திகட்டும் அளவுக்கு இனிக்கும். ஏனென்றால் குளிரில் நம் நாவுக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். அதை ஈடுசெய்யத்தான் இவ்வளவு சீனி போடுகிறார்கள். நீரிழிவு பெருகியுள்ள நம் சமூகத்தில் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது ஞாபகம். நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் வாசனைதான். தடிமன் பிடித்தால் சாப்பாடு ருசிக்காமல் போவது இதனால்தான். கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையில் தலமஸ் என்ற பகுதியைக் கடந்தே மேலே செல்கின்றன. வாசனைக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. அது மணநுகர்ச்சிக் குமிழிலிருந்து நேரே உணர்ச்சிக்குரிய அமிக்டலாவையும் ஞாபகத்துக்குரிய ஹிப்போகாம்பஸின் அயலையும் சென்றடைகிறது. அதனால்தான் புகைப்படம் பார்த்தால் "இது நான்காம் ஆண்டில் எடுத்தது" என்று அறிவு சொல்கிறது. ரோஸ் எசன்ஸ் மணத்தாலோ, நாம் நான்காம் ஆண்டுக்கே போய்விடுகிறோம்.

எனக்கு அப்படித் திரும்பி வரும் இடம் எங்கள் வீட்டுக் கடப்படி. அசர் தொழுகைக்குப் பின் மணிச்சத்தம் கேட்டதும் பத்து ரூபாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். சைக்கிளில் கட்டிய றெஜிபோம் பெட்டியைக் காக்கா திறக்கும்போது எழும் வெண்புகையை முகத்தில் வாங்கவே ஒரு போட்டி நடக்கும். பிறகு ஒருநாள் நான் பெரிய பிள்ளையானேன். அதற்குப் பிறகு கடப்படிக்கு ஓடவில்லை. யாரும் கடுமையாகத் தடுக்கவில்லை. "தம்பி வாங்கித் தருவான்தானே" என்றார்கள். தம்பியும் வாங்கித் தந்தான். ஐஸ்பழம் கிடைத்தது, ஓட்டம் கிடைக்கவில்லை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது எங்கள் தெருவில் மணிச்சத்தமே நின்றது. வீட்டுப் பிரிட்ஜில் ஐஸ் பக்கட் கட்டி விற்ற பெண்களின் சிறு வருமானமும் அதோடு நின்றது. அந்த மௌனத்தில்தான் எனக்குள் ஒருத்தி இன்னும் மணியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் உள்ளிருக்கும் குழந்தை என்ற சொல்லின் முழுப்பொருளையும் எனக்குக் காட்டியவர் என் உம்மா. சென்ற விடுமுறையில் ஒரு பின்னேரம் அவருக்கும் ஒரு சிவப்பு ஐஸ் பக்கட் வாங்கிக் கொடுத்தேன். "எனக்கென்னத்துக்கு" என்றவர், பிறகு பக்கட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். குடித்து முடித்ததும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நாக்கை நீட்டிப் பார்த்தார். "ஒங்கட சாச்சியும் நானும் ஆர்ர நாக்கு கூடச் செவப்பு எண்டு இப்பிடித்தான் பாப்பம். கலியாணம் முடிச்ச பொறகு இதக் குடிக்கவே இல்ல" என்று சிரித்தார். என் உம்மா சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, பதினேழு வயதில் கலியாணம் முடித்தவர். அது இப்போது என்னுடைய வயது. நான் பாடப் புத்தகத்தோடு இருக்கும் இதே வயதில் அவர் ஒரு குடும்பத்தைச் சுமக்கத் தொடங்கியிருக்கிறார். அவருக்குள் இருக்கும் பிள்ளை விளையாடி முடித்துவிட்டு உறங்கிய பிள்ளை அல்ல. பாதியில் கூப்பிட்டு எழுப்பப்பட்ட பிள்ளை. அன்றிலிருந்து உம்மா காரணமில்லாமல் கோபப்படும்போது, "யாருக்குக் கோபம், உம்மாவுக்கா, அந்தப் பிள்ளைக்கா?" என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரிந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை.

உள்ளிருக்கும் குழந்தையை அணைத்துக்கொள்வது என்பது விரும்பியதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதல்ல. அதன் கவலையைக் கேட்பதுதான். நம் மார்க்கத்தில் இதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது. அனஸ் (ரழி) அவர்களின் சின்னத்தம்பி அபூ உமைர், தான் வளர்த்த சிறு குருவி இறந்துபோய்க் கவலையோடு இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். எவ்வளவோ பொறுப்புகளுக்கிடையில் ஒரு பிள்ளையின் குருவி அவர்களுக்குச் சின்ன விடயமாகத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டிய அந்தக் கனிவில் ஒரு பங்கை நமக்குள் இருக்கும் பிள்ளைக்கும் காட்டலாம்.

தோழியரே, இதற்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. கொதித்தாறிய நீரில் வத்தகப்பழச் சாறும் தேசிப்புளியும் கொஞ்சம் சீனியும் கலந்து, சுத்தமான சின்னக் கோப்பைகளில் ஊற்றிக் குச்சி வைத்து இரவில் உறையவிடுங்கள். சாயம் வேண்டாம். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கால்மணி நேரம் மெதுவாகக் குடியுங்கள்; அவசரப்பட்டால் அண்ணத்தின் குளிர் நெற்றியில் வலியாகத் தெரியும். இன்னொன்றை உங்கள் உம்மாவுக்கோ மூத்தம்மாவுக்கோ கொடுத்து, "சின்ன வயசில நீங்க என்ன வாங்கித் திண்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர் என்றால் ஐஸ்பழம் வேண்டாம், கேள்வி போதும்.

நம் ஊர்ப் பேச்சில் ஒரு பெண் வளர்ந்துவிட்டாள் என்பதைப் "பெரிய பிள்ளையாகிவிட்டாள்" என்றுதான் சொல்கிறோம். பெரியவள் என்று சொல்வதில்லை. "பெரிய" என்பதைச் சேர்த்தார்களே தவிர, "பிள்ளை" என்ற சொல்லை யாரும் எடுத்துவிடவில்லை. அதை நாமும் எடுத்துவிடாமல் இருப்போம்.