தாமல் ஏரிக்கரையில் ஒரு புதையல்

காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி ஓடும் வீடு ஒன்றுக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், கட்டம் போட்ட தாளில் வரைந்த ஒரு படத்தையும் பார்த்திருப்பீர்கள். சேலையில் வரவேண்டிய அன்னமோ மயிலோ அந்தக் கட்டங்களில் புள்ளி புள்ளியாக இருக்கும். நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளில் இத்தனையாவது, குறுக்கே ஓடும் ஊடை இழைகளில் இத்தனையாவது என்று இரண்டு எண்களைச் சொல்லிவிட்டால் போதும். மயிலின் கண் எங்கே வரவேண்டும் என்பது ஒரே ஒரு புள்ளியாகத் தெரிந்துவிடும்.

நம் பூமிக்கும் இப்படிப் பாவும் ஊடையும் உண்டு. வடக்கு தெற்காக ஓடுபவை தீர்க்கரேகைகள். கிழக்கு மேற்காக ஓடுபவை அட்சரேகைகள். இவற்றின் இரண்டு எண்களை மட்டும் கொடுத்து, "இந்த இடத்தில் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன், கண்டுபிடி பார்க்கலாம்" என்று உலகத்துக்கே சவால் விடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேஷிங். நாம் புவிப்புதையல் வேட்டை என்று சொல்லலாம்.

இந்த வேட்டையில் பெட்டியை ஒளிப்பது எளிது. அது வெளியாகும் நாளையும் நேரத்தையும் சரியாக அமைப்பதுதான் கடினம். ஏன் என்று பார்ப்போமா?

விளையாட்டு பிறந்த கதை

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை அமெரிக்க இராணுவம் அமைத்தது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிப்புகளில் அவர்கள் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் நீங்கள் நிற்கும் இடத்தைக் கருவி 100 மீட்டர் வரை தவறாகக் காட்டக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்ற அமெரிக்கர் ஆரெகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டப்பா அவரை ஆகியவை இருந்தன. அந்த வாரத்திலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டெடுத்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கினார். அப்போது உலகம் முழுவதும் இருந்தவை 75 பெட்டிகள். இன்று 30 லட்சத்துக்கும் மேல்! 2008-இல் ரிச்சர்ட் கேரியட் விண்வெளியில் சுற்றும் பன்னாட்டு நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு வந்தார். நம் நாட்டில் இந்த வேட்டை இன்னும் அவ்வளவாகப் பரவவில்லை.

வேடிக்கை என்னவென்றால், உல்மரின் வாளி இன்று விண்ணப்பமாக வந்தால் வெளியாகவே செய்யாது! நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் பெட்டியைப் புதைக்க மண்ணைத் தோண்டக் கூடாது. உள்ளே உணவுப்பொருள் இருக்கக் கூடாது என்பவை இன்றைய விதிகள். இந்த விதிகளைப் பார்த்துச் சொல்பவர்கள் யார்? அவர்கள்தாம் நம் கதையின் நாயகர்கள்.

சம்பளம் இல்லாத சரிபார்ப்பாளர்கள்

புதிய பெட்டி ஒன்றை வைப்பவர் அதன் விவரங்களை இணையதளத்துக்கு அனுப்புகிறார். அது உடனே வெளியாவதில்லை. முதலில் ஒரு சரிபார்ப்பாளரிடம் போகிறது. இவர்கள் நீண்ட காலம் இந்த வேட்டையில் ஈடுபட்டு அனுபவம் பெற்றவர்கள். ஊதியம் வாங்காமல், தம் வேலை முடிந்த பிறகு கிடைக்கும் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறார்கள்.

அவர் நேரில் வந்து பெட்டியைப் பார்ப்பதில்லை. நிலப்படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். இடம் யாருடையது? அனுமதி வாங்கியாயிற்றா? இருப்புப்பாதைக்கு அருகில் இருக்கிறதா? வேறொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கிறதா? மூன்று மாதமாவது அங்கே நிலைத்திருக்குமா? கெட்டுப்போனால் போய்ச் சரிசெய்பவர் யார்?

அதிகமாக ஏழு நாட்களுக்குள் அவருடைய முதல் பார்வை கிடைக்கும் என்பது இணையதளம் சொல்லும் கணக்கு. கேள்வி எழுந்தால் நீங்கள் பதில் சொல்லவேண்டும். அவர் மறுபடி பார்க்கவேண்டும். அதற்கும் நாள் ஆகும். பலர் ஒன்றுகூடும் சந்திப்பு நிகழ்ச்சி என்றால் இரண்டு வாரங்களுக்கு முன்பே அனுப்பியாக வேண்டும்.

குறிப்பிட்ட ஒரு நாளில்தான் வெளியிட வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், சரிபார்ப்பாளருக்கு எழுதும் குறிப்பில் முன்கூட்டியே சொல்லலாம். பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். ஆனால் அது வேண்டுகோள், கட்டளை ஆகாது. அவருக்கும் வீடு உண்டு, வேலை உண்டு, காய்ச்சல் வரும் நாளும் உண்டு அல்லவா?

தாமலில் ஒன்று வைப்போமா?

இப்போது ஒரு கற்பனை. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது தாமல். பழைய தொண்டை மண்டலத்துக் கோட்டங்களில் ஒன்றுக்கே பெயர் கொடுத்த ஊர். வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இங்கே உண்டு. ஊருக்குப் பெருமை சேர்ப்பது அதன் பெரிய ஏரி.

மே மாத விடுமுறை. சென்னையிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஏரியின் ஒரு பக்கம் காய்ந்து கிடக்கிறது. ஒரு வேலமரத்து அடியில் கல்லிடுக்கு ஒன்று அருமையாக அமைந்திருக்கிறது. பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் கையெழுத்துப் போடும் சிறு நோட்டை வைத்து அங்கே செருகிவிட்டு, அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறீர்கள். என்ன நடக்கும்?

சரிபார்ப்பாளர் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறார். மழைக்காலத்துக்குப் பின் எடுத்த படமாக இருந்தால், உங்கள் வேலமரம் தண்ணீருக்குள் நிற்கும்! தமிழ்நாட்டின் இந்தப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஏரி நிரம்பும்; டப்பா மூழ்கும். அடுத்த கேள்வி: "நீங்கள் இருப்பது சென்னை. டப்பாவைக் கவனிப்பவர் யார்?" மூன்றாவது கேள்வி: "ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது?" தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக அரசின் நீர்வளத் துறையிடமும், அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. உரியவரிடம் கேட்காமல் ஏரிக்குள் எதையும் வைப்பது சரியாகுமா?

மூன்று கேள்விகளுக்கும் உங்களிடம் பதில் இல்லை. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் இதைக் கேளுங்கள். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரின் கடைத்தெருவில் யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை மறைத்து வைப்பதைக் கண்ட ஒருவர் பயந்து தகவல் கொடுத்தார். தெரு மூடப்பட்டது. இராணுவ நிபுணர்கள் வந்து பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடைசியில் அது இந்த விளையாட்டுப் பெட்டிதான்! நம் ஊரில் மட்டும் மர்மப் பெட்டியைக் கண்டால் மக்கள் சும்மா இருப்பார்களா? ஊருக்குத் தெரிந்து, அனுமதி பெற்று, உள்ளிருப்பது வெளியே தெரியும் டப்பாவில், அது என்ன என்று தெளிவாக எழுதி வைப்பது எவ்வளவு அவசியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

பின்னாலிருந்து எண்ணுங்கள்

சரி, கெட்டிக்காரத்தனமாகத் திட்டமிடுவோம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அதே நாளில்தான் சர் சி.வி. இராமன் தம் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை எய்தினார். அன்று காலை நம் புதையல் வெளியாக வேண்டும். நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுவோம்.

ஜனவரி: பருவமழை முடிந்துவிட்டது. ஏரி நீர் எதுவரை ஏறியது என்று கரையில் தடம் தெரியும். மே மாதத்தில் தெரியாத உண்மை இது. அந்தத் தடத்துக்கு மேலே, கரையின் மண்ணைத் தோண்டாமல் வைக்கக்கூடிய இடமாகத் தேடவேண்டும். பழமையான கோயிலின் சுவரையும் மண்டபத்தையும் விட்டுவிடுங்கள். உரியவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தாமலிலேயே வசிக்கும் நண்பர் ஒருவரைக் காவலராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரும் துணைக்கு வேண்டும்.

பிப்ரவரி முதல் வாரம்: பெட்டியை வைத்து, இடத்தை அளக்கவேண்டும். ஒரே தடவை அளந்தால் போதாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் அளந்து சராசரி எடுங்கள். திறந்தவெளியில் கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். அடர்ந்த மரத்தின் கீழே பிழை கூடும்.

பிப்ரவரி 10-க்குள்: விண்ணப்பத்தை அனுப்பவேண்டும். முதல் பார்வைக்கு ஏழு நாள்; கேள்வி பதிலுக்கு ஒரு வாரம். இன்னும் நான்கு நாள் கையிருப்பு இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பம் அனுப்பும்போதே பெட்டி தன் இடத்தில் தயாராக இருக்கவேண்டும் என்பது விதி. வெளியாகும் நாளோ 18 நாள் தள்ளி இருக்கிறது. அதற்குள் ஆடு மேய்க்க வந்த சிறுவன் எடுத்துவிடலாம். குரங்கு தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆகையால் 27-ஆம் தேதி மாலையில் உங்கள் தாமல் நண்பர் ஒருமுறை போய்ப் பார்த்து வரவேண்டும். பெட்டி காணாமல் போயிருந்தால் சரிபார்ப்பாளருக்கு உடனே எழுதி வெளியீட்டை நிறுத்தச் சொல்லலாம். இல்லாத பெட்டியைத் தேடி பஸ் ஏறி வருபவரை நினைத்துப் பாருங்கள்!

அந்த 18 நாளும் வாயைத் திறக்கக் கூடாது. புதிய பெட்டியின் நோட்டில் முதல் கையெழுத்துப் போடுவது இந்த வேட்டைக்காரர்களுக்குப் பெரிய பெருமை. உங்கள் வகுப்புத் தோழனுக்கு மட்டும் முன்னாலேயே காதில் போட்டுவிட்டால், பிறகு யாருக்கும் அது நியாயமான போட்டி ஆகாது.

மணி எத்தனை?

நாள் சரி, நேரம்? இந்த இணையதளத்தின் தலைமையகம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ளது. பிப்ரவரி மாதத்தில் அந்நகரின் கடிகாரம் நம்முடையதைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். சரிபார்ப்பாளர் எந்த நாட்டில் வேண்டுமானாலும் வாழலாம். சியாட்டிலில் இருக்கும் ஒருவர் காலை 10 மணிக்கு, காப்பி குடித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினால் தாமலில் இரவு பதினொன்றரை மணி! அறிவிப்பைப் பார்த்த ஆர்வலர் அந்நேரத்தில் வண்டியை எடுப்பார். லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை, இருட்டு, ஏரிக்கரையில் பாம்பு. முதல் கையெழுத்துக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? எனவே குறிப்பில் "இந்திய நேரப்படி காலை 7 மணி" என்று தெளிவாக எழுதுங்கள். "28-ஆம் தேதி காலை" என்று மட்டும் எழுதினால், அது யாருடைய காலை?

நேரம் என்பது இந்த விளையாட்டின் அடியிலேயே இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து புறப்படும் ரேடியோ அலை, நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வந்து, ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் உங்கள் கையை அடைகிறது. எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்துதான் கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தொலைவில் 300 மீட்டர் தவறிப்போகும். அதனால்தான் அந்தக் கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. விண்ணிலே அவ்வளவு துல்லியமாக நேரம் காப்பது, தரையிலே ஒரு கல்லிடுக்கை நமக்குக் காட்டுவதற்கு உதவுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு டிகிரியில் 60 நிமிடம் என்று படித்திருக்கிறீர்கள். இந்த வேட்டையில் நிமிடத்தை ஆயிரம் பங்காகப் பிரித்து எழுதுகிறார்கள். தாமல் இருக்கும் அட்சரேகை 13 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அங்கே வடக்கு தெற்காக அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 1.84 மீட்டர். அப்படியானால் 161 மீட்டர் விலக எத்தனை பங்கு நகரவேண்டும்? வகுத்துப் பாருங்கள், 88 வரும். கிழக்கு மேற்காக நகர்ந்தால் ஒரு பங்கு 1.81 மீட்டர்தான், எனவே 89 பங்கு வேண்டும். உல்மர் வாளி வைத்த ஆரெகன் 45-ஆவது அட்சரேகையில் இருக்கிறது. அங்கே கிழக்கு மேற்காக ஒரு பங்கு 1.31 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஏன்? உலக உருண்டை ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, தீர்க்கரேகைகள் வடதுருவத்தை நோக்கிப் போகப் போக என்ன ஆகின்றன என்று விரலால் தடவிப் பாருங்கள். விடை கிடைத்ததும், உங்கள் பள்ளி வாசலிலிருந்து 161 மீட்டர் தள்ளி, ஆபத்தில்லாத, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத, மழையிலும் மூழ்காத ஓர் இடம் இருக்கிறதா என்று நண்பர்களோடு தேடுங்கள். ஒருவர் மட்டும் சரிபார்ப்பாளராக வீட்டிலேயே உட்காரட்டும். நிலப்படத்தை மட்டும் பார்த்து அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் உங்களால் பதில் சொல்ல முடிகிறதா, பார்ப்போம்!