இந்தத் தக்காளி எந்தத் தோட்டத்தது?

இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல்

என் தந்தையார் தக்காளி பயிரிடுபவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், கையொப்பம் இடுவார், அவ்வளவே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

சென்ற ஆண்டு ஒருநாள் மண்டியிலிருந்து திரும்பியவர் முகம் வாடித் திண்ணையில் அமர்ந்தார். "நேத்து ஏத்துன லோடுல பாதி அழுகலாம். எல்லாருக்கும் பணத்தப் புடிச்சுட்டாங்க" என்றார். பல தோட்டத்துப் பெட்டிகள் ஒரே லாரியில் ஏறியிருந்தன. அழுகியவை யாருடையவை என்று சொல்ல எவராலும் முடியவில்லை. "நம்ம பெட்டினு சொல்லலாம்ல, அப்பா?" என்றேன். "பெட்டியில நம்ம பேரா எழுதியிருக்கு, தம்பி?" என்றார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

ஓர் உணவுப்பொருள் எங்கே விளைந்தது, யார் யார் கை மாறியது, எந்தக் கடையில் விற்றது என்பதை முன்னும் பின்னும் தேடிக் கண்டறிவதைத் 'தடமறிதல்' என்பர். இப்பணியைக் கணினி இன்று எளிதாக்கியிருக்கிறது. இதனால் உண்பவர்க்கு நன்மை என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் தவறு செய்யாத உழவனைப் பழியிலிருந்து காப்பதும் இதுவே என்பதை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரியால் 1400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயாளிகளை விசாரித்தபோது பலரும் பச்சைத் தக்காளித் துண்டுகள் கலந்த உணவை உண்டதாகக் கூறினர். ஜூன் மாதம் சிலவகைச் சிவப்புத் தக்காளிகளை உண்ண வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. விற்பனை சரிந்தது, பறித்த தக்காளி தேங்கியது, பறிக்காதது செடியிலேயே அழுகியது.

எந்தத் தோட்டம் என்று தேடப் புகுந்த அதிகாரிகளுக்கு எங்கள் மண்டியின் கதைதான் அங்கும் காத்திருந்தது. நிறமும் அளவும் பார்த்துத் தரம் பிரிப்பவர்கள் பல தோட்டத்துப் பழங்களைக் கலந்து புதிய பெட்டிகளில் அடைத்திருந்தனர். கணக்குகள் பல இடங்களில் காகிதத்தில் இருந்தன. ஒருவர் ஏட்டில் இருந்த எண் அடுத்தவர் ஏட்டில் இல்லை. வாரங்கள் கழிந்தன. ஜூலை மாத இறுதியில் அந்நுண்ணுயிரி அகப்பட்டது எதில் தெரியுமா? தக்காளியில் அன்று, மெக்சிகோவிலிருந்து வந்த மிளகாயில்! தக்காளி மீதான எச்சரிக்கை ஜூலை நடுவிலேயே விலக்கப்பட்டது. ஆனால் உழவர் இழந்த பருவத்தைத் திருப்பித் தருபவர் யார்?

மூன்றாண்டுகள் கழித்து, 2011 மே மாதம், ஜெர்மனியில் ஈ.கோலை வகை நுண்ணுயிரி ஒன்று பரவியது. சற்றேறக்குறைய 4000 பேர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள் முதலில் அறிவித்தனர். அவ்வெள்ளரியில் ஈ.கோலை இருந்தது உண்மை. ஆனால் அது நோய் பரப்பிய வகை அன்று என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் உழவர்கள் வாரத்திற்கு 20 கோடி யூரோ வரை இழப்பதாகக் கணக்கிட்டனர். ரஷ்யா ஐரோப்பியக் காய்கறிகளையே தடை செய்தது.

உண்மைக் குற்றவாளி நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயம்! அதை முளைகட்டிப் பச்சையாக உண்ணும் வழக்கம் அங்கு உண்டு. உணவின் மேல் தூவிய சிறு முளைகளை நோயாளிகள் பலர் நினைவில் வைத்திருக்கவில்லை. எகிப்திலிருந்து 2009இல் இறக்குமதியான 15,000 கிலோ விதைத் தொகுதி ஒன்றில் இந்தத் தடம் சென்று முடிந்தது. அதே தொகுதியின் விதை பிரான்சிலும் சிலரை நோயில் தள்ளியிருந்தது.

கணக்கு எப்படி விடை சொல்கிறது?

இதில் வியப்பூட்டும் மந்திரம் ஏதும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த 'கணங்களின் வெட்டு' தான். ஒரு நோயாளி காய் வாங்கிய கடைக்கு 20 தோட்டங்களிலிருந்து சரக்கு வந்ததாகக் கொள்வோம். இருபது பேருமே சந்தேகத்திற்கு உரியவர்கள். இரண்டாம் நோயாளியின் கடைக்கு வேறொரு 20 தோட்டங்கள். இரண்டு பட்டியலிலும் இடம்பெறுபவை மூன்றே என்றால், சந்தேகம் மூன்றாகக் குறைகிறது. மூன்றாவது கடையின் பட்டியலையும் சேர்த்தால் ஒன்றே எஞ்சக்கூடும். மற்றவர்கள் மீதிருந்த சந்தேகம் அந்த நொடியே நீங்குகிறது. ஜெர்மனியில், பலர் ஒன்றாக உண்டு நோயுற்ற 41 நிகழ்வுகளின் தடங்களும் முளைப்பயிர் வளர்க்கும் ஒரே பண்ணையில் வந்து கூடின.

கணக்கு எளிது; கணக்கிற்கு வேண்டிய பட்டியல்கள் கிடைப்பதுதான் அரிது. அதற்கு மூன்று தேவை.

முதலாவது, தொகுதி எண். கடைகளில் காணும் கோட்டுக் குறியீடு, அதாவது பார்கோடு, 1974இல் அமெரிக்கக் கடை ஒன்றில் முதன்முதலாகப் பயனுக்கு வந்தது. அது 'இது இன்ன நிறுவனத்தின் இன்ன பொருள்' என்று மட்டுமே சொல்லும். ஒரே வகை பிஸ்கட் பொட்டலங்கள் இலட்சத்திற்கும் ஒரே எண்தான். என்று, எந்த உலையில் வெந்தது என்று அறிய, பொட்டலத்தின் ஓரத்தில் அச்சிட்ட தொகுதி எண் வேண்டும். சதுர வடிவக் க்யூஆர் குறியீட்டில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பதிவு. என்ன சரக்கு, எப்போது, எங்கே, யாரிடமிருந்து யாருக்கு என்பவை அதில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் உணவு வணிகர் ஒவ்வொருவரும் ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். வெந்தயத்தின் தடத்தை எகிப்து வரை தேட இப்பதிவுகளே கைகொடுத்தன.

மூன்றாவது, கலக்கும்போதும் பிரிக்கும்போதும் பழைய எண்ணைப் புதிய எண்ணோடு இணைக்கும் குறிப்பு. பத்துத் தோட்டத்துப் பழம் ஒரு பெட்டியானால், அப்பெட்டியின் எண்ணுக்குப் பின்னே பத்து எண்களும் நிற்க வேண்டும். இந்தக் கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் வீண்.

இவை மூன்றும் அமைந்தால் என்ன ஆகும் என்பதை வால்மார்ட் நிறுவனம் செய்த சோதனை ஒன்று காட்டியது. நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்று எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று பழைய முறையில் கண்டறிய 6 நாள் 18 மணி 26 நிமிடம் ஆயிற்று. பிளாக்செயின் முறையில் பதிந்து வைத்தபின் அதே கேள்விக்கு 2.2 விநாடியில் விடை வந்தது. பிளாக்செயின் என்பது பலர் கையிலும் ஒரே படி இருக்கும் கணக்கேடு எனலாம். ஒருவர் தம் ஏட்டில் இரகசியமாகத் திருத்தினால் மற்றவர் ஏடுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் நாட்டில் முடியுமா?

முடியும் என்பதற்குத் திராட்சையே சான்று. ஏற்றுமதித் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக ஐரோப்பாவில் சிக்கல் எழுந்தபின், மத்திய அரசின் அபெடா நிறுவனம் 2006இல் 'கிரேப்நெட்' என்னும் அமைப்பைத் தொடங்கியது. ஏற்றுமதிக்கு விளைவிக்கும் மகாராட்டிரத்துத் திராட்சைத் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் உண்டு. அறுவடைக்கு முன் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவைக் கணினியில் ஏற்றுகின்றனர். தேறிய தோட்டத்துப் பழமே ஏற்றுமதிக்குப் பெட்டியில் ஏறும். ஒரு தோட்டம் தேறாவிட்டால் அண்டைத் தோட்டத்துக்காரர் அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

ஆயினும் கணினி சர்வரோக நிவாரணி அன்று. 2010இல் நம் திராட்சை மீண்டும் ஐரோப்பாவில் தடைபட்டது. காரணம், குளோர்மெக்குவாட் குளோரைடு என்னும் வளர்ச்சி ஊக்கி. சோதிக்க வேண்டிய பட்டியலில் அப்பொருளின் பெயரே அப்போது இல்லை. கேளாத கேள்விக்குக் கணினி விடை தராது. அதுபோலவே 2013இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்றதில் குதிரை இறைச்சி கலந்திருந்ததை அயர்லாந்தில் நடந்த மரபணுச் சோதனைதான் வெளிப்படுத்தியது. காகிதங்களோ மாட்டிறைச்சி என்றே சாதித்தன. பொய்யை உள்ளே இட்டால் பிளாக்செயினும் அப்பொய்யைத்தான் பத்திரமாகக் காக்கும். ஆகவே ஏட்டோடு ஆய்வுக்கூடமும் நேர்மையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. கிரேப்நெட் எழுந்தது அயல்நாட்டார் கேட்டதால். நம் ஊர்ச் சந்தையில் குவித்து விற்கும் தக்காளிக்கு எந்த எண்ணும் இல்லை. நமக்கு மிகப் பழைய தடமறி முறை ஒன்று உண்டு: விற்பவரின் முகம். 1999இல் தொடங்கிய உழவர் சந்தையில் அடையாள அட்டையோடு உழவரே எதிரில் அமர்ந்து விற்பதால், குறையோ நிறையோ மறுநாள் அவரிடமே சொல்லலாம். சரக்கு தூர ஊருக்குப் போகும்போது அம்முகம் மறைந்துவிடுகிறது. மறைந்த முகத்திற்குப் பதிலாக நிற்பதே அந்த எண்.

ஆனால் அந்த எண்ணை ஒட்டும் செலவும் உழைப்பும் ஏழை உழவன் தலையில் மட்டும் விழுமானால் அது உதவி ஆகாது. புதிய சுமையே ஆகும். படிக்கத் தெரியாதவரும் கையாளும்படி அது இருக்க வேண்டும். மண்டியில் பெட்டி இறங்கும்போதே ஓர் ஒட்டுச்சீட்டு, கைப்பேசியில் ஒரு படம், தந்தையார் கையில் அதே எண்ணுடன் ஒரு துண்டுச்சீட்டு: தொடக்கத்திற்கு இவ்வளவு போதும். இதற்கான நிரல் எழுதுவது இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய நமக்கு எட்டாத வேலையன்று. நம் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால், இறுதியாண்டுச் செயல்திட்டமாக இதனையே எடுத்துச் செய்ய விரும்புகிறேன்.

பெட்டியில் பேர் எழுதியிருக்கிறதா என்று என் தந்தையார் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. பட்டம் பெற்று வீடு திரும்பும் நாளில், "எழுதியிருக்கு, அப்பா" என்று சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.