பழைய லாரிகளில் கியர் பெட்டி, பின் அச்சு எண்ணெய்ப் பராமரிப்பு

கையால் கியர் மாற்றும் பழைய லாரிகளில் எஞ்சினைத் தவிர மேலும் இரண்டு இடங்களில் எண்ணெய் உண்டு. ஒன்று கியர் பெட்டி. மற்றொன்று பின் அச்சின் நடுவே உருண்டு புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் கூடு. எஞ்சின் எண்ணெயைப் போல இவை எரிந்து குறைவதில்லை, புகைக்கரியும் இவற்றில் கலப்பதில்லை. பழைய வண்டிகளின் முகப்பில் இவற்றுக்கென எச்சரிக்கை விளக்கும் பெரும்பாலும் இருக்காது. அதனால் பராமரிப்பில் எளிதில் மறக்கப்படுபவை இவையே.

இவ்வகைக் கியர் பெட்டிகளில் பொதுவாகப் பம்பு கிடையாது. அடியில் உள்ள லே ஷாஃப்ட்டின் பற்சக்கரங்கள் எண்ணெயில் முழுகிச் சுழன்று, மேலே உள்ள மெயின் ஷாஃப்ட்டின் மீது அதை இறைக்கின்றன. பின் அச்சில் இந்த வேலையைச் செய்வது கிரவுன் சக்கரம். எண்ணெய் மட்டம் இறங்கினால் அங்கு முதலில் காய்வது பினியனின் முன்பக்கப் பேரிங். பேரிங் தளர்ந்தால் பினியன் அசையும். பற்கள் பொருந்தும் இடம் மாறி, தேய்ந்து உடையும். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால் ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சொந்தமாக ஒரே வண்டி வைத்து ஓட்டுபவருக்கு இது பெருஞ்செலவு.

எந்த எண்ணெய்?

பின் அச்சுகள் பலவற்றில் ஹைப்பாய்டு வகைப் பற்சக்கரங்கள் உள்ளன. இதில் பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்குக் கீழே விலகி இருக்கும். பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்க, கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மானங்கள் கூடுதலாக உள்ள ஜிஎல்-5 எண்ணெய் தேவை.

அதையே கியர் பெட்டியிலும் ஊற்றுவது பரவலாக நடக்கும் தவறு. பழைய கியர் பெட்டிகளின் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை அல்லது வெண்கலத்தால் ஆனவை. சில ஜிஎல்-5 எண்ணெய்களின் சேர்மானங்கள் அவற்றை அரிக்கும்; வளையம் பிடிக்காமல் வழுக்குவதால் கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வரும். எனவே இங்குப் பெரும்பாலும் ஜிஎல்-4 பரிந்துரைக்கப்படுகிறது. எஞ்சின் எண்ணெயையே கேட்கும் கியர் பெட்டிகளும் உண்டு; தயாரிப்பாளரின் கையேடே முடிவானது.

எண்ணெயின் எண்ணும் குழப்பக்கூடியது. கியர் எண்ணெயில் 90 என்பது எஞ்சின் எண்ணெயில் 40 அல்லது 50 என்பதற்கு ஏறத்தாழ ஒத்த தடிமன்தான். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள்.

சோதித்தலும் மாற்றுதலும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் எண்ணெய் இளகி, அடியில் தங்கிய தூளையும் சேர்த்துக்கொண்டு வடியும். முதலில் கழற்ற வேண்டியது பக்கவாட்டில் உள்ள நிரப்பும் அடைப்பு. துருவேறிய அந்த அடைப்பு கழலவே இல்லையென்றால், கீழே வடித்துவிட்ட பிறகு புது எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. பொதுவாக அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்பதே சரியான மட்டம்.

வடிக்கும் அடைப்பில் காந்தம் இருந்தால் அதைப் பார்க்காமல் துடைக்கக் கூடாது. சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்து வருகிறது என்று பொருள். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. சூடான கூடு வெள்ளத்தில் இறங்கிச் சட்டெனக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சும். அச்சு மூழ்கும் அளவு நீரில் சென்ற வண்டியில், கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் எண்ணெயைச் சோதிக்க வேண்டும்.

அச்சின் மேல் உள்ள சிறிய காற்றுப்போக்கியும் கவனத்துக்குரியது. அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று எண்ணெயை ஆயில் சீல்கள் வழியே தள்ளும். சக்கரப் பக்கச் சீலைத் தாண்டிய எண்ணெய் பிரேக் லைனிங்கில் ஊறும். அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கங்களில் சுமையோடு இறங்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. டிரம்மின் உட்புறம் ஈரம் கண்டால் சீலோடு லைனிங்கையும் மாற்றுவதே முறை, துடைத்துப் பயனில்லை.

பழுதான லாரியைப் பின் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்லும்போதும் எண்ணெய் பயன்படாமல் போகும். எஞ்சின் நின்றிருப்பதால் நியூட்ரலில் லே ஷாஃப்ட் சுழலாது. மெயின் ஷாஃப்ட் மட்டும் உலர்ந்து சுற்றும். எண்ணெய் நிறைந்திருந்தும் பேரிங் எரிந்துபோகலாம். அதனால் இழுப்பதற்கு முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள்.