நுரைக்கூட்டைக் கலைக்காதீர்கள்

மழை தொடங்கியதும் கிணற்றடித் தொட்டியின் உள்சுவரிலோ, பண்ணைக்குட்டை மேல் சாய்ந்த கிளையிலோ சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக ஓர் உருண்டை ஒட்டியிருக்கும். அழுக்கு என்று துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோம். அது மரத்தவளையின் கூடு.

விரல் நுனியில் வட்டத் தட்டுகளோடு, குளியலறைச் சுவரில்கூட ஏறி உட்காருமே, அதுதான். அறிவியல் பெயர் பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ். நம்ம பக்கம் தேரை என்பார்கள். தேங்காய் உள்ளே பருப்பில்லாமல் போனால் 'தேரை மோந்துடுச்சு' என்று இதன் மேல் பழி போடுவார்கள். மகரந்தச் சேர்க்கைக் குறைவு, போரான் போன்ற சத்துக் குறைவு ஆகியவைதான் ஒல்லிக்காய்க்குக் காரணம். தேரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். மேல்பக்கம் காய்ந்து ஓடுபோல ஆகிவிடும். உள்ளே ஈரம் இருக்கும். சில நாட்களில் பொரிந்து, தலைப்பிரட்டைகள் கீழே உள்ள தண்ணீரில் விழும்.

பெரம்பலூர், அரியலூர் வெயிலை இது எப்படித் தாங்குகிறது? தோலில் சுரக்கும் கொழுப்புக் கலந்த நீரைக் கை கால்களால் உடம்பெங்கும் தடவிக்கொள்ளும். தென் அமெரிக்காவின் வறண்ட சாக்கோ காட்டு இலைத்தவளையும் இதேபோல மெழுகு பூசிக்கொள்கிறது.

இரவில் இது அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, கரப்பான் எல்லாம் பிடித்துத் தின்னும். 2018இல் வந்த மக்காச்சோளப் படைப்புழுவின் தாய் அந்தும் இரவில்தான் பறக்கிறது. தவளை ஒன்றே புழுவை ஒழித்துவிடாது. ஆனால் கூலி கேட்காத காவலாளியை நாமே விரட்டலாமா?

கவலை வேறு இருக்கிறது. மானாவாரி மக்காச்சோளம் விதைத்த மூன்று நாளுக்குள் அட்ரசின் களைக்கொல்லி அடிக்கிறார்கள். தவளை முட்டையிடும் மழைக்காலமும் அதுதான். அமெரிக்க விஞ்ஞானி டைரோன் ஹேய்ஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த அளவு அட்ரசின் கலந்த நீரில் வளர்ந்த ஆப்பிரிக்க ஆண் தவளைகளில் பத்தில் ஒன்று பெண்ணாக மாறி முட்டையிட்டது.

நாம் செய்யக்கூடியவை:

* நுரைக்கூடு இருக்கும் தொட்டியைத் தலைப்பிரட்டை தவளையாகும்வரை முழுசாக வடிக்க வேண்டாம்.
* மீன் தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். மீன் விடாத சின்னக் குழி ஒன்று தனியாக இருக்கட்டும்.
* பக்கத்துக் காட்டில் மருந்தடித்தபின் பெய்யும் முதல் மழைநீர் குட்டைக்குள் வராதபடி வரப்பை உயர்த்துங்கள்.
* குட்டைக்கரையில் நொச்சியோ ஆடாதொடையோ வையுங்கள். கூடு கட்டக் கிளையும் கிடைக்கும், பூச்சிவிரட்டிக்குத் தழையும் கிடைக்கும்.