மாசியிலேயே மண்ணைக் கிளறுங்கள்!

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தில்லிக்கு அந்தக் கணக்கு ஒத்து வருவதில்லை. இங்கே இளவேனில் மாசியில் வந்து, பங்குனியோடு விடைபெற்றுக் கொள்கிறது. சித்திரையிலேயே வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். வைகாசியில் 'லூ' என்னும் அனல் காற்று. வருடப் பிறப்பு கழியட்டும், பிறகு செடி வைக்கலாம் என்று இருப்பவர்களுக்குக் காய்ந்த தொட்டிதான் மிச்சம். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்கிற ஞாயிற்றுக்கிழமையே தொட்டி மண்ணையும் கிளறிவிட வேண்டும்.

கண்ணுக்கு விருந்து

அதற்கு முன் ஒரு நாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பூக்களைப் பார்த்து வாருங்கள். குடியரசுத் தலைவர் மாளிகையின் 15 ஏக்கர் தோட்டம் ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. முகல் தோட்டம் என்று நாம் சொல்லிப் பழகிய அதற்கு 2023 ஜனவரியில் 'அம்ருத் உத்யான்' என்று பெயர் மாற்றினார்கள். சாணக்கியபுரி சாந்தி பத் சாலையோரம் பிப்ரவரியில் துலிப் பூக்கள் வரிசை கட்டி நிற்கும். பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

செடி வளர்க்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது சுந்தர் நர்சரி. ஹுமாயூன் சமாதிக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. புது தில்லியைக் கட்டிய நாளில், எந்த மரம் இந்த மண்ணையும் வெயிலையும் தாங்கும் என்று வளர்த்துப் பார்ப்பதற்காக ஏற்பட்ட நாற்றங்கால் அது. பல ஆண்டு புதுப்பிப்பு வேலைக்குப் பிறகு, சுமார் 90 ஏக்கர் பூங்காவாக 2018 பிப்ரவரியில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தலைநகர் கட்ட வந்த வெள்ளைக்காரரே சோதித்துப் பார்த்துத்தான் மரம் நட்டார். சம்பளப் பணத்தில் செடி வாங்கும் நாம் யோசிக்க வேண்டாமா?

ஆறு தொட்டி வைக்கோல்

யோசிக்காமல் வாங்கியவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம். சாலையோர நர்சரி ஒன்றில் பெட்டூனியா பூத்துக் குலுங்கிக் கொண்டிருந்தது. ஆறு தொட்டி வாங்கி, ஆட்டோவுக்கும் தனியாகக் கொடுத்து வீடு சேர்த்தேன். அக்கம்பக்கத்தார் பாராட்டினார்கள். ஏப்ரல் பாதிக்குள் ஆறும் வைக்கோல்! தண்ணீர் ஊற்றவில்லை என்று வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக் கொண்டோம்.

குறை யார்மேலும் இல்லை. பெட்டூனியா, பான்ஸி, டயாந்தஸ் எல்லாம் குளிர்காலச் செடிகள். செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, மாசியில் பூத்து, வெயில் ஏறியதும் ஆயுள் முடிகிறவை. அவற்றை நாற்றாக வாங்க வேண்டிய காலம் தீபாவளியை ஒட்டி. பங்குனியில் வாங்குவது, வண்டி கிளம்பும் நேரத்தில் பிளாட்பாரம் டிக்கெட் எடுப்பதைப் போன்றது.

வெயிலுக்கு அஞ்சாதவை

இப்போது வாங்க வேண்டியவை எவை? நம் ஊர் வாசலில் பார்த்துப் பழகியவைதான். மல்லிகையை 'மோக்ரா' என்று கேளுங்கள். செம்பருத்தி 'குடல்', நம் குடல் அல்ல, பயப்பட வேண்டாம். நந்தியாவட்டை 'சாந்தினி', அரளி 'கனேர்', கறிவேப்பிலை 'கரி பத்தா' அல்லது 'மீட்டா நீம்'. வாடாமல்லி, கோழிக்கொண்டை, டேபிள் ரோஸ் ஆகியவையும் இப்போது போட்டால் கோடை முழுவதும் பூக்கும். டேபிள் ரோஸ் வெயில் ஏறிய பிறகுதான் கண் திறக்கும். ஆபீஸுக்குத் தாமதமாக வருகிற நம் சகாக்கள் சிலரைப் போல!

பழைய மல்லிகை இருந்தால் புதுத் தளிர் வருமுன் கிளை நுனிகளை வெட்டி, மக்கிய சாண எரு போடுங்கள். வெட்ட மனம் வராதவர்களுக்கு இலைதான் கிடைக்கும். பூ புதுத் தளிரில் வருவது. தொட்டிக்கு இரண்டு பங்கு மண், ஒரு பங்கு எரு, ஒரு பங்கு மணல் போதும். அடியில் உள்ள ஓட்டை அடைபடக் கூடாது.

காய்கறியில் வெண்டை, பாகல், சுரை, பீர்க்கு ஆகியவற்றுக்கு இதுவே பட்டம். பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வழக்கமாக இந்தப் பருவத்தில் நடத்தும் வேளாண் விழாவில் நல்ல விதை கிடைக்கும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை தலைமை வகித்த நிறுவனம் அது என்பது நமக்கு ஒரு பெருமை.

கறிவேப்பிலை சாகவில்லை

தில்லிக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. மார்கழிக் குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பொறுங்கள்! நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி தூங்குகிறது, அவ்வளவுதான். குளிரில் தண்ணீரைக் குறைத்து, மாசியில் நுனியைக் கிள்ளி எரு வைத்தால் பங்குனியில் துளிர்க்கும். ஊரில் அம்மா ஊற்றுகிற புளித்த மோரை இங்கேயும் தாராளமாக ஊற்றலாம்.

யாருக்காக நடுவது?

"மாற்றல் வந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்த வேலை?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற இடங்களில் முற்றத்தோடு இருந்த பழைய குவார்ட்டர்சுகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டத் திட்டம் வந்தது. அதற்காக 2018-ல் மரங்களை வெட்டப் புறப்பட்டபோது, மக்கள் தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றமும் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. அந்த மரங்களில் எத்தனையை யார் நட்டார்கள் என்று எந்தக் கோப்பிலும் இராது.

நான் முன்பு குடியிருந்த குவார்ட்டர்ஸின் பின்புறம் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. நட்டவர் ஓய்வு பெற்று எந்த ஊருக்குப் போனாரோ, தெரியாது. காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு ரசத்துக்கும், மேல்மாடிப் பஞ்சாபி அம்மாளின் கடிக்கும் அதிலிருந்துதான் இலை. காசு கொடுத்து வாங்கியதாக நினைவில்லை. வீட்டைக் காலி செய்த அன்று, அதன் அடியில் முளைத்திருந்த கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து எடுத்து வந்தேன். இப்போது என் பால்கனியில் அது குச்சியாகத்தான் நிற்கிறது. இன்று காலை கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை.