முறைக்காய்ச்சலின் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கி வருபவர், ஆனையிறவையும் கிளிநொச்சியையும் கடந்து, இருமருங்கும் காடு நெருங்கி வரும் வேளையில் மாங்குளத்தை அடைகிறார். கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதை இங்குதான் பிரிகிறது. புகையிரத நிலையமும் இங்கு உண்டு. தேநீர் அருந்தி, பஸ் மாறிச் செல்வோருக்கு இன்று இது ஒரு சந்தி மட்டுமே. ஆயினும், வன்னிக்குப் பயணம் என்றதும் காய்ச்சலையே முதலில் நினைத்த காலம் ஒன்று இருந்தது. கொயினாவின் கசப்பை நாவால் அறிந்த முதியோர் சிலர் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மலேரியா என்று இன்று நாம் சொல்லும் அந்நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் முறைக்காய்ச்சல். ஒரு நாள் குளிரும் நடுக்கமும், மறுநாள் ஓய்வு, மூன்றாம் நாள் மீண்டும் நடுக்கம். நோயின் பெயரிலேயே ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. அக்கணக்கின் காரணத்தைத் தேடிச் சென்றால் இருவகை அறிஞரை நாம் சந்திக்க நேரும். ஒருவர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து உயிர்க் கலத்தை ஆராய்பவர். மற்றவர் தாளிலும் கணினியிலும் சமன்பாடுகளை அமைத்து, கண்ணுக்கு எட்டாத நிகழ்ச்சிகளை எண்களால் உருவகிப்பவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் நாடாத வரையில் இந்நோயின் கதையில் பாதிதான் விளங்கும் என்பதைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

கலத்தின் உள்ளே

மலேரியா ஒட்டுண்ணி மனிதனின் செங்குருதிக் கலத்தினுள் புகுந்து, அங்கேயே உண்டு வளர்ந்து, பலவாகப் பிரிகிறது. பின்னர் அக்கலத்தை உடைத்துக்கொண்டு அதன் குஞ்சுகள் வெளிப்பட்டு, வேறு கலங்களைத் தேடி ஓடுகின்றன. இலங்கையில் மிகுதியாகக் காணப்பட்ட வைவக்ஸ் இனத்துக்கு இச்சுற்று முடிய ஏறக்குறைய 48 மணி நேரம் செல்லும். எண்ணற்ற கலங்கள் ஒரே வேளையில் உடைவதால்தான் நடுக்கமும் காய்ச்சலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகின்றன. முறைக்காய்ச்சலின் முறை என்பது கலத்தின் கடிகாரமே.

இப்பொழுது கணக்கரை அழைப்போம். ஓர் ஒட்டுண்ணி பதினாறாகப் பெருகுகிறது என்று கொள்வோம். இரண்டு நாளில் 16. நான்கு நாளில் 256. பத்தாம் நாளில், அதாவது ஐந்தாம் சுற்றின் முடிவில், 10 இலட்சத்துக்கும் மேல். இவ்வாறே போனால் சில வாரங்களுக்குள் நோயாளியின் உடலில் ஒரு செங்கலமும் எஞ்சாது. ஆனால் வைவக்ஸ் காய்ச்சலில் அவ்வாறு நிகழ்வதில்லை. கணக்கு எங்கே பிழைத்தது?

விடை நுணுக்குக்காட்டியிடம் இருக்கிறது. வைவக்ஸ் ஒட்டுண்ணி எல்லாச் செங்கலத்தினுள்ளும் புகுவதில்லை. அண்மையில் பிறந்த இளங்கலங்களையே அது தேர்ந்து புகுகிறது. உடல்நலமுள்ளவரின் குருதியில் அத்தகைய இளங்கலங்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே. மேலும், வெளிப்படும் குஞ்சுகளிற் பெரும்பகுதியை உடலின் காவற்படை அழித்துவிடுகிறது. கலத்தை அறிந்தவர் இவ்விரு செய்திகளைச் சொன்ன பின்னரே கணக்கு உண்மையோடு ஒத்து வரத் தொடங்குகிறது. கணக்கர் கண்ட முரண்பாடு இல்லையெனில், இளங்கலத்தின் முக்கியத்துவம் ஒரு பாடப்புத்தகக் குறிப்பாகவே நின்றிருக்கும்.

ரொஸ் போட்ட பாதை

இவ்விரு துறைகளும் சந்தித்தது நேற்று இன்று அன்று. 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், செக்கந்தராபாத்தில் நுளம்பின் குடற்சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்ட் ரொஸ், 1902இல் நோபல் பரிசு பெற்றார். அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. நுளம்புகளை ஒன்று விடாமற் கொன்றால்தான் நோய் ஒழியும் என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், அவற்றின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தாலே நோய் தானாக மங்கிவிடும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். தம் கணித அறிவின் எல்லையையும் அவர் உணர்ந்திருந்தார் போலும். ஹில்டா ஹட்சன் என்னும் கணித அறிஞரான அம்மையாரைத் துணைக்கொண்டார். நோய்ப்பரவலைக் கணிதத்தால் அளக்கும் ஆய்வுகள் 1917இல் இருவர் பெயராலும் வெளிவந்தன. மருத்துவர் ஒருவரும் கணிதர் ஒருவரும் சரிநிகராக அமர்ந்து எழுதியதற்கு அது ஒரு நல்ல முன்மாதிரி.

ரொஸ் இட்ட பாதையை இலண்டனில் ஜோர்ஜ் மக்டொனால்ட் 1950களில் நீட்டினார். அவர் கண்டதை நம் வாசகர் விரல்விட்டே எண்ணிப் பார்க்கலாம். நுளம்பு குருதி குடித்த பின், ஒட்டுண்ணி அதன் உடலில் வளர்ந்து முற்றுவதற்கு வெப்பநாடுகளில் 10 நாள் அளவில் வேண்டும். நூறு நுளம்புகளில் நாள்தோறும் பத்தில் ஒன்று இறக்குமானால் பத்தாம் நாள் 35 எஞ்சும். நாள்தோறும் பத்தில் இரண்டு இறக்குமானால் எஞ்சுவது 11 மட்டுமே. அன்றாட இறப்பு சற்றே கூடினும் ஆபத்து மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. முட்டையையும் குடம்பியையும் அழிப்பதைவிட, வளர்ந்த நுளம்பின் ஆயுளைக் குறைப்பது ஏன் மேலான வழி என்பதும், வீட்டுச் சுவரில் டி.டி.டி. தெளித்தது ஏன் அத்துணைப் பயன் தந்தது என்பதும் இதனால் விளங்கும். நுளம்பினுள் ஒட்டுண்ணி வளரும் நாட்களை எண்ணியவர் கலவியலார். அந்நாட்களின் பொருளை உரைத்தவர் கணக்கர்.

நம் நாட்டில் நடந்த கூட்டுவேலை

இத்தகைய கூட்டுறவு நம் நாட்டிலும் நடந்திருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. 1980களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மெண்டிஸ் அம்மையார், எடின்பரோ நகரின் ரிச்சர்ட் கார்ட்டருடனும் மற்றும் பலருடனும் சேர்ந்து வைவக்ஸ் மலேரியாவை ஆராய்ந்தார். நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள் உலவுகின்றன. அவை மனிதனுள் இணைவதில்லை; நுளம்பு குடித்த பின் அதன் குடலிலேயே புணரிகளாகி இணைகின்றன. ஆனால் நுளம்பு குருதியை மட்டுமா குடிக்கிறது? அக்குருதியில் உள்ள பிறபொருளெதிரிகளையும் சேர்த்தல்லவா குடிக்கிறது! அவை நுளம்பின் வயிற்றினுள் சென்றும் தம் வேலையைச் செய்து அவ்விணைவைத் தடுக்கின்றன. இயற்கையாகவே நோயுற்றவரிடத்து இந்த நிர்ப்பீடனம் உண்டாகிறது என்பதை அவர்கள் 1987இல் வெளியிட்டனர்.

இதனை அறிந்த முறையும் சுவையானது. நோயாளியின் குருதியை இளஞ்சூட்டில் வைத்து, மெல்லிய சவ்வினூடாக நுளம்புகளுக்கு ஊட்டுவார்கள். ஒரு வாரமளவில் அந்நுளம்புகளை அறுத்து, குடற்சுவரில் உள்ள ஒட்டுண்ணிக் கொப்புளங்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பொறுமையே உருவான வேலை இது.

அடுத்த ஆண்டு ஒரு வியப்பு வெளிப்பட்டது. பின்னாளில் ஹொங்கொங்கில் சார்ஸ் நோய்க்கிருமியைக் கண்டறிவதிற் பெரும்பங்கு வகித்த மலிக் பீரிஸும் அவ்வாய்வில் ஒருவர். பிறபொருளெதிரி மிகுதியாக இருந்தால் தொற்று தடைப்படுகிறது. மிகக் குறைவாக இருந்தாலோ தொற்று கூடுகிறது! காவலனே சில வேளை கதவைத் திறந்து விடுகிறான். அப்படியாயின் ஓர் ஊரில் இந்த நிர்ப்பீடனம் நோயைக் குறைக்குமா, வளர்க்குமா? ஒருவரின் நிர்ப்பீடனம் நாளடைவில் தேய்கிறது. மறுதொற்று விரைவில் வந்தால் மீண்டும் ஓங்குகிறது. ஈரலில் உறங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணி மாதங்கள் கழிந்து விழித்தெழுகிறது. இத்தனை நூல்களும் பின்னிக் கிடக்கையில், எந்த மேதையும் மனத்தால் மட்டும் விடை கூறல் இயலாது. இங்கேதான் கணிதர் தேவைப்பட்டார். கலத்தை ஆராய்ந்தோரும், நுளம்பைப் பிடித்தோரும், கணிதம் வல்லோரும் சேர்ந்து, கதிர்காமப் பகுதியின் நோய்த் தரவுகளைக் கொண்டு ஒரு கணித மாதிரியை அமைத்தனர். அது 1991இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. நுளம்பின் வயிற்றில் நிகழும் ஓர் இணைவு, ஒரு கிராமத்தின் காய்ச்சலை எவ்வாறு மாற்றும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா.

ஒரு சொல்லுக்கு இரு பொருள்

இரு துறையாரும் ஒரே மேசையில் அமர்வது எளிதன்று. நம் மொழியிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. ஆய்வுகூடத்தில் 'மாதிரி' என்றால் குழாயில் எடுத்த குருதி. கணிதரிடம் 'மாதிரி' என்றால் சமன்பாடுகளின் தொகுதி. ஒருவர் மாதிரி கெட்டுவிட்டது என்று வருந்தினால், மற்றவர் தம் சமன்பாட்டில் பிழை தேடத் தொடங்குவார்! இது நகைப்புக்குரியதாயினும் உண்மையான இடர் இதனுள் இருக்கிறது. கலவியலார் விதிவிலக்கை மதிப்பவர். கணிதர் பொதுவிதியை நாடுபவர். முன்னவருக்கு, கணிதர் உயிரின் வளத்தைக் களைந்துவிடுவதாகத் தோன்றும். பின்னவருக்கு, கலவியலார் மரங்களை எண்ணிக் காட்டை மறப்பதாகத் தோன்றும்.

இதற்கு மருந்து, வேலை முடிந்த பின் சந்திப்பதை விட்டு, தொடங்குமுன் சந்திப்பதே. எந்த நாளில் எண்ணுவது, எத்தனை முறை எண்ணுவது என்பதைக் கணிதர் முன்னரே கேட்டிருந்தால், கலவியலார் அதற்கேற்பக் குறித்து வைப்பார். கொப்புளம் ஒன்றும் இல்லாத நுளம்பை வெறும் நுளம்பென்று விலக்காமல், அந்தச் சுழியத்தையும் ஏட்டில் எழுதுவார்; கணக்குக்கு அச்சுழியம் ஒரு செல்வம். கணிதரும் ஒருநாள் ஆய்வுகூடத்தில் அமர்ந்து, தம் கையால் நூறு கலங்களை எண்ணிப் பார்த்தல் நன்று. ஓர் எண்ணின் பின்னே எத்தனை ஐயமும் கண்வலியும் உண்டென்பது அப்போது விளங்கும். மாதிரி தவறென்று தரவு காட்டும் நாளில் இருவரும் சினம் கொள்ளாதிருந்தால், அந்நாளே ஆய்வின் நன்னாள்.

இன்று இது ஏன் வேண்டும்?

இலங்கையில் உள்நாட்டில் தொடர்ந்து பரவிவந்த மலேரியா 2012 ஒக்டோபருடன் நின்றது. 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. போரின் நடுவிலும் குருதிப் படலம் எடுத்தும் மருந்து கொடுத்தும் வன்னியில் உழைத்த சுகாதார ஊழியர்க்கு அப்பெருமையில் உரிய பங்கு உண்டு. ஆனால் அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபென்சி என்ற நுளம்பு மன்னாரில் காணப்பட்டது. கிணற்று நீரிலும் தொட்டி நீரிலும் அது பெருகுகிறது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது.

பழைய அநுபவம் ஒன்றை இங்கு நினைவூட்டல் வேண்டும். 1934-35இல் ஏறக்குறைய 80,000 உயிரைக் கொண்ட கொள்ளைநோய், காய்ச்சலோடு வாழ்ந்து பழகிய வரண்ட நாட்டைவிட, அதற்குப் பழகாத கேகாலை, குருநாகல் பக்கங்களையே மிகக் கொடூரமாகத் தாக்கியது. மீண்டும், 1963இல் 17 பேருக்கே மலேரியா என்று நாடு மகிழ்ந்திருக்க, 1969இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இன்று மாங்குளத்தில் வளரும் சிறுவர் முறைக்காய்ச்சலை அறியார். அது நம் பேறு; ஆயினும் அவர்தம் குருதியில் அந்நோயின் நினைவு இல்லை. 1934இல் கேகாலை இருந்த நிலையில் இன்று வன்னி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணியோடு வரும் ஒரு பயணியும், கிணற்றில் வளர்ந்த ஒரு புதிய நுளம்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைக் கலமும் கணக்கும் சேர்ந்தே சொல்லவேண்டும்.

அதற்கு வேண்டியவர் எங்கிருந்து வருவர்? நம் பாடசாலைகளில் உயர்தர வகுப்பின் வாயிலிலேயே உயிரியலும் இணைந்த கணிதமும் பிரிந்துவிடுகின்றன. ஒன்றைத் தேர்ந்தவர் மற்றதை விடைபெற்று அனுப்பிவிடுகிறார். ஆனால் மாங்குளத்துக்கு வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அயலயலாக இருக்கின்றன. தெற்கே வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. செடியின் கலத்தை நோக்கும் மாணவனும் கணினியில் எழுதும் மாணவியும் வாரத்தில் ஒரு மாலையேனும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே வினாவைக் கேட்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. முறைக்காய்ச்சல் என்று பெயரிட்ட நம் முன்னோர், நோயையும் அதன் நாட்கணக்கையும் ஒருங்கே நோக்கினார்கள். அவ்விரு பார்வையையும் நாமாகப் பிரித்தோம்; நாமே சேர்க்கவும் கூடும்.