காண்ட்ராவின் முப்பது உயிர்

டீ கொஞ்சம் ஆறட்டும், நிதானமாகச் சொல்கிறேன். 90களில் நம் வீடுகளில் டிவியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் பெட்டி நினைவிருக்கிறதா? அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானின் நிண்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அதில் காண்ட்ரா என்ற ஆட்டத்தை ஆடியவர்களுக்கு மூன்று உயிர் எத்தனை சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று தெரியும். முகப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தி ஸ்டார்ட் கொடுத்தால், அந்த மூன்று முப்பதாகும்.

இந்த வரிசை ஏமாற்றுவதற்காகப் பிறந்ததில்லை. காண்ட்ராவைச் செய்த அதே கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, கிரேடியஸ் என்ற விண்வெளி ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 1986-இல் வெளிவந்த ஆட்டம் அது. எல்லாக் கட்டமும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவரே ஆடிப் பார்க்க வேண்டும். ஆட்டமோ கடினம், அவரால் கரையேற முடியவில்லை. அதனால் இந்த வரிசையை அழுத்தினால் ஆயுதங்கள் மொத்தமாகக் கிடைக்கும்படி எழுதிக்கொண்டார். அதை நீக்காமலே, ஆட்டம் பதித்த கார்ட்ரிட்ஜ் கடைக்குப் போய்விட்டது. பிறகு திருத்த வழியில்லை; சிப்பில் பதித்தது பதித்ததுதான்.

பதித்ததை மாற்ற முடியாதென்றால், ஆட்டங்களை மாற்றிக் காட்ட 1990-இல் வந்த கேம் ஜீனி எப்படி வேலை செய்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கிய அந்தக் கருவி, கார்ட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவே செருகப்படும். ஒருவர் சமையல் குறிப்பை வாசிக்க, இன்னொருவர் அதைக் கேட்டுச் சமைக்கிறார் என்று வையுங்கள். நடுவில் நிற்பவர் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றிச் சொல்கிறார். புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, குழம்பின் ருசி மட்டும் மாறிவிட்டது. கன்சோலின் பிராசஸரும் அப்படித்தான், ஆட்டத்தின் கட்டளைகளைக் கார்ட்ரிட்ஜிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நடக்கிறது. ஜீனிக்கு நாம் தரும் ஆறெழுத்துக் குறியில் எந்த வரி, அதற்குப் பதில் என்ன என்ற இரண்டும் அடங்கியிருக்கும்.

சூப்பர் மரியோ பிரதர்ஸில் மரியோ செத்ததும் 'உயிரில் ஒன்றைக் கழி' என்றொரு கட்டளை வரும். எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ என்ற குறி அந்த ஒரு கட்டளையை 'உயிர் எத்தனை என்று படி' என்பதாக மாற்றிச் சொல்லும். படித்தால் எண் குறையாதே! மரியோ எத்தனை முறை விழுந்தாலும் உயிர் தீராது.

நிண்டெண்டோ இதைப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் ஜீனியை விற்ற கலூப் நிறுவனத்தோடு வழக்கு நடந்தது. விற்பனை ஓராண்டு முடங்கியது. ஜீனி செய்வது, நம் இலக்கணத்தின் சொல்லில் சொன்னால், மூலத்தைத் தழுவி அனுமதியில்லாமல் செய்த வழிநூல் என்பது நிண்டெண்டோவின் வாதம். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முடக்கிய காலத்துக்கு நிண்டெண்டோ 1 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க வேண்டிவந்தது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தைத் தன் வீட்டில் தன் விருப்பப்படி ஆடுவதில் எவருக்கும் நஷ்டமில்லை. ஜீனியைக் கழற்றிவிட்டு அதே கார்ட்ரிட்ஜைச் செருகினால், மரியோவுக்குப் பழையபடி மூன்றே உயிர்.